ஜோஹானஸ்பர்க்கில் இருக்கும் மகனுக்கு

உம்கேனி ஆற்றங்கரை, நேட்டால், தென்னாப்பிரிக்கா
1897 அக்டோபர்

சிரஞ்சீவி மகனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு ஒரு வரி எழுதவும். நான் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள்.

போன வருஷம் வெட்டுக்கிளி விட்டுவைத்த சோளத்தில்தான் காலம் தள்ளினோம். இந்த வருஷம் கத்தரி நன்றாகக் காய்த்திருக்கிறது. அம்மா கூடையைத் தலையில் வைத்து, டர்பனில் வெள்ளைக்காரர் வீட்டு வாசல்களில் விற்கிறாள். விற்ற பிறகும் நேராக வீட்டுக்கு வருவதில்லை. ஜோஹானஸ்பர்க் ரயிலில் கடைசி ஆள் இறங்கும்வரை இருந்துவிட்டு வருகிறாள். கேட்டால், கால் வலித்தது, உட்கார்ந்தேன் என்கிறாள்.

அங்கே நடைபாதையில் ஏறாதே. நம்மவர் அதில் நடக்கக் கூடாதாமே. இரவு 9 மணிக்கு மேல் வெளியே போகாதே. கோபம் வந்தால் அடக்கிக்கொள். நடைபாதையில் ஏறாதே.

என் மகன் தங்கம் எடுக்கும் ஊரில் கடை வைத்திருக்கிறான் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். கடை உண்டா இல்லையா என்று நீ எழுதினால்தானே? நான் 1860-ல் ட்ரூரோ கப்பலில் வந்து மாதம் 10 ஷில்லிங்குக்குக் கரும்பு வெட்டியவன். படித்த மகனுக்குத் தபால்தலை வாங்கவா காசில்லை?

இனி நேட்டாலுக்குள் புதிதாக வருபவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதிக்காட்ட வேண்டும் என்று இந்த வருஷம் சட்டம் போட்டிருக்கிறார்கள். நீ இங்கே பிறந்தவன், உன்னைத் தடுக்கமாட்டார்கள். இருந்தாலும் இங்கிலீஷ் எழுத்தை மறந்துவிடாதே.

சின்னவளைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டேன். இனி என் கையெழுத்து, கோணலாகத்தான் இருக்கும்.

3 பவுன் பணம் கேட்டு நீ எழுதியது வந்தது. பெயரைப் பதிந்தால்தான் கடை வைக்க முடியும் என்றிருந்தாய். கையில் இல்லை என்று கடைக்காரரைக் கொண்டு எழுதிப் போட்டேன். இருந்தது. அரிசிப் பானைக்கு அடியில் இருந்தது. சொல்லாமல் ரயிலேறினாயே, கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அதோடு இன்னும் போட்டு அந்தச் செவலைப் பசுவை வாங்கினேன். குளிர்காலத்தில் மாட்டு வெக்கை நோய் வந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து, கழிந்து கழிந்து செத்தது. கன்றையும் அதே குழியில் போட்டேன்.

கத்தரி விற்றதில் 1 பவுன் சேர்ந்திருக்கிறது. யார் கையில் கொடுத்தனுப்ப என்று எழுது.

அம்மாவுக்கு எழுதும்போது அந்தப் பணத்தைப் பற்றி எழுதாதே. எழுதினாலும் சரிதான், எழுது. சின்னவள் குடத்தோடு வருகிறாள்.