மதுரைப் பக்கத்துக் காலேஜ் பிரின்சிபால்களுக்கும் எச்ஓடிகளுக்கும் (துறைத் தலைவர்களுக்கும்): செமஸ்டரோட 90 நாள் பிளானை முதல் வாரத்துலயே எங்க கையில குடுங்க

மதிப்பிற்குரிய சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நான் மதுரைல பி.எஸ்சி மூணாவது வருஷம் படிக்கிற பொண்ணு. வருஷா வருஷம் ஆடிட்டோரியத்துல எங்களை உக்கார வச்சு டைம் மேனேஜ்மென்ட் கிளாஸ் எடுக்குறாங்க, காலைல 4 மணிக்கு எந்திரிங்க, டைம்டேபிள் போட்டுப் படிங்க, போனை ஒதுக்கி வைங்கன்னு. நல்ல விஷயந்தான், ஆனா உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் இருந்து வர்ற சில பிள்ளைக அந்நேரம் மல்லித் தோட்டத்துல நிக்கிறாங்க. மொட்டு விரியுறதுக்குள்ள பறிச்சு மார்க்கெட்டுக்கு அனுப்பி விட்டுட்டு, அப்புறம் குளிச்சு, சோத்தைக் கட்டிக்கிட்டு பஸ் ஏறணும். மல்லி வரத்து கூடுற மாசமும் ஏப்ரல் செமஸ்டரும் ஒண்ணா வருது, அவங்களுக்கு டைமைப் பத்தி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

செமஸ்டருக்கு 90 வேலை நாள், 6 டே ஆர்டர் (கிழமைக்குப் பதிலா 1ல இருந்து 6 வரைக்கும் சுத்தி வர்ற டைம்டேபிள்), நாளைக்கு 5 ஹவர்னு காலேஜ் தொறக்குறப்பவே உங்களுக்குத் தெரியும். ஆனா மொத ரெண்டு மாசம் ஒண்ணும் இருக்காது, கடைசி மூணு வாரத்துல காலேஜே வைக்கிற செகண்ட் இன்டர்னல் டெஸ்ட், எல்லா பேப்பருக்கும் அசைன்மென்ட், செமினார், லேப் ரெக்கார்டு நோட்டு சப்மிஷன், போதாததுக்கு அரசோட நான் முதல்வன் திறன் பயிற்சி கோர்ஸ் அசெஸ்மென்ட்டுன்னு எல்லாம் ஒரே நேரத்துல வந்து விழும். ஒவ்வொரு சாரும் தன்னோட பேப்பருக்கு மட்டும் தேதி குறிக்கிறாரு, எல்லாத்தையும் சேத்துச் செய்யப் போறது நாங்கதானே?

எங்கூட வர்ற ஒரு பிள்ளை, செக்கானூரணி தாண்டி பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து மடில ரெக்கார்டை வச்சு கிராப் போட்டுக்கிட்டு வருவா. டிரைவர் பிரேக் போட்டதுல ஸ்கேல் நழுவி கோடு எங்கிட்டோ போயிருச்சு, ஒயிட்னர் வச்சா வாங்க மாட்டாங்கன்னு அந்தப் பக்கத்தையே திரும்ப எழுதுனா. மறுநாள் இன்டர்னலுக்கு அவ ஒரு யூனிட்டைக் கூட முழுசாத் தொடல. 25 மார்க் இன்டர்னல்ல கோட்டை விட்டுட்டு, மிச்சம் 75க்கு 3 மணி நேரத்துல பத்து ரெண்டு மார்க், அஞ்சு அஞ்சு மார்க், மூணு பத்து மார்க்னு எழுதித்தான் மேல வரணும்னா, எப்படி நல்லாப் படிக்கிற பிள்ளைக்கும் பயம் வராம இருக்கும்?

அதனால துறைக்கு ஒரு தாள் போதும் சார், எந்தப் பேப்பருக்கு எந்த வாரம் என்ன வேலைன்னு எச்ஓடி எல்லா ஸ்டாஃபையும் ஒண்ணா உக்கார வச்சுப் போட்டு முதல் வாரத்துலயே ஒட்டுங்க. ரெக்கார்டை லேப் முடிஞ்ச அடுத்த டே ஆர்டர்லயே வாங்கிக் கையெழுத்துப் போடுங்க, கடைசி வரைக்கும் சேத்து வைக்க விடாதீங்க. சித்திரைத் திருவிழா எப்ப வருதுன்னு காலண்டர்லயே இருக்கு, அந்த நாள்ல ஊருக்குள்ள பஸ்ஸை எல்லாம் சுத்தி விடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும், அன்னைக்குப் போய் மாடல் எக்ஸாம் வைக்காதீங்க.

அப்புறம் அட்டென்டன்ஸ். பஸ் லேட்டாகி ஃபர்ஸ்ட் ஹவர் போனா அரை நாள் ஆப்சென்ட் போடுற வழக்கம் இருக்குற காலேஜ்கள்ல தயவுசெஞ்சு அதை நிறுத்துங்க, இப்படிப் போய்த்தான் 75 சதவீதத்துக்குக் கீழ இறங்கி, எக்ஸாம் எழுத விடுறதுக்குக் கண்டொனேஷன்னு ஒரு ஃபீஸ் கட்டுறோம். நத்தம் ரோட்டுல 2023ல தொறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் மாதிரி ஒரு எடம் மதுரைக்குக் கெடச்சது பெரிய விஷயம், ஆனா சாயங்கால பஸ்ஸை விட்டா ராத்திரிதான் வீடுங்கிற பிள்ளைக அங்க போய் உக்கார முடியாது. காலேஜ் லைப்ரரியவே காலைல ஒரு மணி நேரம் முன்னாடி தொறந்து விட்டா, முத பஸ்ல வந்து எறங்குறவங்க மரத்தடில நிக்காம படிப்பாங்க.

இன்னொண்ணு, இதை மறந்துறாதீங்க. மனசு கஷ்டமா இருந்தா கூப்பிடுற அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு எந்நேரமும் காசில்லாமப் பேசலாம், தமிழ்லயே பேசலாம். எக்ஸாம் ஃபீஸ் கடைசித் தேதியை எவ்வளவு பெருசா ஒட்டுவீங்களோ அதே சைஸ்ல அதுக்குப் பக்கத்துலயே இந்த நம்பரையும் ஒட்டுங்க. கிளாஸைப் பாத்துக்குற டியூட்டர் சார், மேடம்லாம் ஒரு பிள்ளை ரெண்டு நாள் வரலைன்னா ஃபைன் போடுறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு என்னம்மா ஆச்சுன்னு கேளுங்க.

இந்த செமஸ்டருக்குப் போட்ட தேதியை மாத்தச் சொல்லல. அடுத்து ஜூன்ல காலேஜ் தொறக்குறப்ப அந்தத் தாளோட ஆரம்பிங்க, எங்க டிபார்ட்மென்ட்ல கேட்டா அதை டைப் பண்ணித் தர நாங்களே நாலு பேரு ரெடியா இருக்கோம்.