181-க்குப் பின் 191

அன்புள்ள ராஜேந்திரா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விடாமல் போட்டுக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். சாயங்காலமானால் மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை வரை நடந்துவிட்டு வருகிறேன்.

ரிட்டயர் ஆனபின் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். பகா எண்களோடு போகிறது. ஒரு கட்டம் போட்ட நோட்டு, ஒரு பென்சில், அவ்வளவுதான் செலவு.

ஆரம்பித்தது பின்கோடில். எங்கள் கடலூர் 607001 பகா எண்ணா என்று பார்க்கத் தோன்றியது. அதன் வர்க்கமூலம் 779-ஐத் தாண்டிக் கொஞ்சம். ஆகவே 773 வரையுள்ள 137 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எதனாலும் வகுபடவில்லை! 541 வந்தபோதுதான் திக்கென்றது. 541-ஐ 1122-ஆல் பெருக்கினால் 607002. ஒன்றில் தப்பியது. உங்கள் பாண்டிச்சேரி 605001-க்கு இவ்வளவு பாடு வேண்டியதில்லை. இலக்கங்களைக் கூட்டினால் 12, மூன்றால் வகுபட்டுவிடும்.

இதெல்லாம் வெறும் தற்செயல், சரி. தற்செயல் எது, உள்ளே நிஜமாகவே ஏதோ இருப்பது எது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் எனக்கு ருசி. 31, 331, 3331 என்று எழுதிக்கொண்டே போ. 33333331 வரை ஏழும் பகா எண்கள். எட்டாவது, 333333331, 17-ஆல் வகுபட்டுவிடுகிறது. ஏழு முறை சரியாக வந்ததை நம்பி விதி என்று சொல்ல முடியாது, பார்.

இப்போது என்னைப் பிடித்து வைத்திருப்பது வேறொன்று. 2, 5 தவிர மற்ற பகா எண்கள் எல்லாம் 1, 3, 7, 9-இல்தான் முடியும். 1-இல் முடியும் ஒன்றை அடுத்து வருவதும் 1-இல் முடிகிறதா என்று தேடினேன். 11-க்குப் பின் 13, 31-க்குப் பின் 37, 41-க்குப் பின் 43... இப்படியே போய் 181-க்குப் பின்தான் 191 வருகிறது. ஆயிரத்துக்குள் 1-இல் முடிபவை 40. அவற்றில் ஆறே ஆறுக்குத்தான் அடுத்ததும் 1-இல் முடிகிறது. நாலில் ஒரு பங்கு என்றால் பத்து ஜோடியாவது வந்திருக்க வேண்டாமா?

1 மறுபடி வருவதற்குள் 3, 7, 9 மூன்றும் குறுக்கே வந்துவிடுவதால் இப்படி ஆகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அது பாதிக் காரணம்தான். எண்கள் பெரிதாகி இடைவெளி கூடக் கூட அந்தக் காரணம் வலுவிழக்கும். ஆனால் 1-ஐ அடுத்து 1 குறைவாக வரும் இந்தச் சாய்வு மிக மெதுவாகத்தான் கரைகிறது. முதல் பத்துக் கோடிப் பகா எண்களிலும் 1-ஐ அடுத்து 1 வருவது சுமார் 18 விழுக்காடுதான். 2016-இல் இதை வெளியிட்டவர்கள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த கணித அறிஞர்கள் லெம்கே ஆலிவரும் கண்ணன் சௌந்தரராஜனும். சௌந்தரராஜன் சென்னையில் வளர்ந்தவர் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். அவர்கள் சொல்லும் விளக்கம் ஹார்டியும் லிட்டில்வுட்டும் 1923-இல் முன்வைத்த ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்ட அதே ஹார்டி. அந்த அனுமானத்தை இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

இத்தனை கோடி மக்கள் பள்ளியில் படித்துவிட்டு வந்த எண்களில் இப்படி ஒன்று 2016 வரை பெரும்பாலோர் கண்ணில் படாமல் கிடந்திருக்கிறது என்பதுதான் என்னை மறுபடி மறுபடி நோட்டைத் திறக்க வைக்கிறது. பெரிய கணக்கு தெரிந்தவர்களுக்குத்தான் நிரூபணம். தேடுவதற்கு வகுத்தல் தெரிந்தால் போதும்.

உன் பேத்தி கணக்கில் கெட்டிக்காரி என்றாயே, அவளிடம் ஒரு வேலை கொடு. 9-ஐ அடுத்து 9 முதலில் வருவது 139, 149-இல். ஆயிரத்துக்குள் அப்படி எத்தனை ஜோடி என்று எண்ணி எழுதச் சொல். 3-உம் 7-உம் நான் பார்த்துக்கொள்கிறேன். மாசி மகத்துக்குச் சாமிகள் எல்லாம் தேவனாம்பட்டினத்துக்கு வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வா. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே, கண்ணில் தூசி படும்.

அன்புடன்,
சேகர்