முள் தப்புக் காட்டினால் முதலில் மீட்டரை மாற்றாதீர்கள்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

“பெட்ரோல் மீட்டர் தப்புக் காட்டுது, புதுசு மாட்டிக் குடுங்க” என்று வருகிறவர்களிடம், வண்டியை அரை நாள் விட்டுப் போகச் சொல்கிறோம். சிலருக்கு இதில் வருத்தம். அதனால்தான் இந்த மடல்.

திருமங்கலம் பக்கமிருந்து மாட்டுத்தாவணிக்கு மல்லிகை ஏற்றி வரும் லோடு ஆட்டோ ஒன்றுக்கு, கேட்ட உடனே புது மீட்டர் மாட்டிக் கொடுத்தோம். பத்தாம் நாள் விடியக்காலை வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. முள் கால் டேங்கில் நிற்கிறது, டேங்கோ வறண்டு கிடக்கிறது. டீசல் வண்டி, டீசல் குழாயில் ஏர் பிடித்துக்கொண்டது. கேனில் வாங்கி ஊற்றியும் உடனே கிளம்பவில்லை. பூ மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள் விலை இறங்கிவிட்டது. மீட்டருக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த நஷ்டத்துக்கு அது ஈடாகாது என்று தெரியும்.

பிறகு செய்ததை முதலிலேயே செய்திருக்க வேண்டும். டேங்குக்குள் மிதவையோடு இருந்து, எண்ணெய் மட்டத்தை மீட்டருக்குச் சொல்வது டேங்க் யூனிட். அதன் இரண்டு முனையிலும் மல்டிமீட்டர் வைத்தால் மின்தடை 10 ஓம். அந்த வண்டிக்கு அதுதான் காலி, நிரம்பினால் 180. மீட்டர் ஒயர் வரும் முனையிலிருந்து சேசிஸுக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு, வைத்துப் பார்த்தால் 60! யூனிட்டைச் சேசிஸோடு இணைக்கும் எர்த் ஒயரைப் பிடித்திருந்த போல்ட் துருவேறிப் போய், இல்லாத 50 ஓமைக் கூட்டிக் கொடுத்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்து முடுக்கினோம். முள் தானாக அடிக்கோட்டுக்கு இறங்கியது. பழைய மீட்டரில் ஒரு குறையும் இல்லை.

சில வண்டிகளில் கணக்கு தலைகீழ். ஓம் கூடினால் முள் இறங்கும். டேங்க் நிறைய இருந்தும் குறைவாகவே காட்டும்.

எர்த் சரியாக இருந்தால் அடுத்தது மிதவை. ஓட்டை விழுந்த பித்தளை மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே எண்ணெய் தளும்புவது கேட்கும். முள் ஓரிடத்தில் மட்டும் துள்ளினால், அந்த இடத்தில் யூனிட்டின் கம்பிச்சுருள் தேய்ந்திருக்கும். பழைய அம்பாசிடரில் வெப்ப முள்ளும் பெட்ரோல் முள்ளும் சேர்ந்தே ஏறினால், இரண்டுக்கும் சீரான வோல்டேஜ் கொடுக்கும் ஸ்டெபிலைசரைப் பார்க்க வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் டேங்கைக் காலி செய்து, ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, முள் நிற்கும் இடத்தைக் குறித்துத் தருகிறோம். அரை நாள் போவது இதற்குத்தான். சொந்தமாகச் சிறு விமானம் கட்டிப் பறக்கிறவர்களும் இப்படித்தான் அளவு பார்க்கிறார்கள். வால் பக்கம் சக்கரம் வைத்த விமானம் தரையில் மூக்கைத் தூக்கி நிற்கும், டேங்கும் சாய்ந்திருக்கும். அதனால் வாலை உயர்த்தி, பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்துதான் ஊற்றுகிறார்கள். நடு ஆகாயத்தில் ஓரங்கட்ட இடமில்லையே. டிராக்டரையும் டெம்போவையும் நாங்கள் சமதரையில் நிறுத்தியே குறிக்கிறோம். மேட்டில் நிறுத்தி முள்ளைப் பார்த்துவிட்டுக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

மீட்டர் நன்றாக இருந்தால் சோதனைக் கூலி மட்டும்தான். வரும்போது டேங்கில் குறைவாக வைத்துக்கொண்டு காலையிலேயே வாருங்கள். வீட்டில் டேங்க் யூனிட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டாம், ஒரு பொறி போதும்.

அன்புடன்,
மீட்டர் பழுதுபார்க்கும் கடையினர்,
மதுரை