யார் பெயரை எழுதினாலும் பொருந்தும் சான்றிதழ்கள்: சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குடியிருப்போர் சங்கம், வாசகர் வட்டம், பெற்றோர் கழகம், தன்னார்வக் குழு என்று நாம் நடத்தும் அமைப்புகள் பலவானாலும், ஆண்டு விழா மேடையில் ஒரு காட்சி மட்டும் எங்கும் மாறுவதில்லை. பெயர் வாசிக்கப்படும், ஒருவர் படியேறி வருவார், சட்டமிட்ட தாளொன்றை இருபுறமும் பிடித்துக்கொண்டு எல்லோரும் புகைப்படக்காரரைப் பார்ப்பார்கள், அவர் படியிறங்குவதற்குள் அடுத்த பெயர் ஒலிபெருக்கியில் வந்துவிடும். ஒன்பது ஆண்டுகள் ஒரு சங்கத்தின் செயலாளராக இருந்து, அந்தத் தாள்களை அச்சகத்தில் கொடுத்து வாங்கி, பெயர்களை என் கையாலேயே நிரப்பியவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். ஆகவே, கீழே நான் சொல்லப்போகும் குறைகளில் பாதிக்கு மேல் என்னுடையவை.

ஓர் ஆண்டு 42 சான்றிதழ்கள் அச்சடித்தோம். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: ‘தன்னலமற்ற சமூக சேவையைப் பாராட்டி’. அதன் கீழே ஒரு புள்ளிக்கோடு, அதன்மேல் பெயர். விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் தம் சான்றிதழைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். அவர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது; அதைச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “அது கிடக்கட்டும் தம்பி. இதில் என் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரை எழுதினாலும் பொருந்தும் போலிருக்கிறதே?” என்றார். குரலில் கோபம் இல்லை; உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல்தான் இருந்தது. எனக்குப் பதில் வரவில்லை.

பதில் வராததற்குக் காரணம், அவர் என்ன செய்துவந்தார் என்பது செயற்குழுவில் எவருக்கும் தெரியாது என்பதுதான். ‘முதியவர்களுக்கு ஏதோ உதவி செய்கிறார்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பட்டியலில் சேர்த்திருந்தோம். பிறகுதான் விசாரித்தேன். நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு, தனியாக வாழும் மூன்று முதியவர்களின் வீடுகளுக்கு அவர் போவார். கிழமைவாரியாக அறை பிரித்த மாத்திரைப் பெட்டியைத் திறந்து, அன்றைய அறை காலியாகியிருக்கிறதா என்று பார்ப்பார். ஆகவில்லையென்றால் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, மாத்திரை தொண்டைக்குள் இறங்கும்வரை எதையாவது பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏழு ஆண்டுகளாக இதைச் செய்துவந்தார். இவ்வளவையும் நாங்கள் ‘சமூக சேவை’ என்ற இரண்டு சொற்களில் அடைத்துக் கொடுத்திருந்தோம்.

பொறுப்பாளர்களிடம் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான்: ஒருவரைப் பாராட்டுமுன் அவர் செய்த செயலைத் தெரிந்துகொள்ளுங்கள், தெரிந்துகொண்டதைச் சொல்லுங்கள். புதுமையான பாராட்டு முறைகள் வேண்டும் என்று கூட்டந்தோறும் பேசுகிறோம். கேடயத்தின் வடிவத்தை மாற்றுவதும், அட்டைக்குப் பதில் மரப்பலகையில் அச்சடிப்பதும் புதுமையாகிவிடா. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் புதுமை தானாகவே வரும்.

செயலைச் சொல்வது என்றால் என்ன என்பதற்கு லண்டனில் ஒரு பூங்காச் சுவர் நல்ல சான்று. ஜார்ஜ் ஃபிரெடெரிக் வாட்ஸ் என்ற ஓவியர், 1887-இல் விக்டோரியா அரசியின் பொன்விழாவை எப்படிக் கொண்டாடலாம் என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட சாமானியர்களுக்கு நினைவிடம் வேண்டும் என்று ஒரு நாளிதழுக்கு மடல் எழுதினார். எவரும் முன்வராததால் தாமே முனைந்தார். 1900-இல் ‘போஸ்ட்மன்ஸ் பார்க்’ என்ற சிறு பூங்காவில் அந்தச் சுவர் திறக்கப்பட்டது. அதில் பதித்துள்ள, ஓடுகளாலான பலகைகளில் ஒன்று ஆலிஸ் அயர்ஸ் என்ற இளம்பெண்ணைப் பற்றியது. கொத்தனாருக்குக் கையாளாக வேலை செய்தவரின் மகள். எரிந்த வீடு எந்தத் தெருவில் இருந்தது என்பது. அதிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகள் 3 பேர். தன் இளம் உயிரே அதற்கு விலையானது. நாள் 1885 ஏப்ரல் 24. இவ்வளவையும் அந்தப் பலகை சில வரிகளில் சொல்லிவிடுகிறது. அந்தப் பலகையில் வேறொருவர் பெயரை எழுத முடியாது. ஒரு வருத்தமும் உண்டு: அந்தச் சுவரில் இருப்பவர்கள் யாரும் தம்மைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்ததில்லை. நம்மிடையே இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களால் படிக்க முடியும். நமக்கு அந்த வசதி இருக்கிறது.

செயலை எழுத வேண்டுமானால் முதலில் அதைப் பார்த்திருக்க வேண்டும். நாம் பெயர்களை எப்படித் திரட்டுகிறோம்? விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு, செயற்குழுவின் பத்துப் பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, நினைவுக்கு வரும் பெயர்களைச் சொல்கிறோம். நினைவுக்கு வருபவர்கள், நம் கண்ணில் அடிக்கடி படுபவர்கள்: கூட்டத்தில் பேசுபவர், நன்கொடை தந்தவர், வாட்ஸ்அப் குழுவில் நாளும் பதிவிடுபவர். மாலை ஆறு மணிக்கு ஒரு வீட்டுக்குள் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்ப்பவரை அந்த மேசையிலிருந்து பார்க்க முடியாது. சென்ற ஆண்டு பாராட்டுப் பெற்றவரே இந்த ஆண்டும் முதலில் நினைவுக்கு வருவார். புகழ் இருக்குமிடத்துக்கே புகழ் போய்ச் சேரும் இந்தப் போக்கை, சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1968-இல் அறிவியல் உலகை வைத்து விளக்கியிருக்கிறார். அறிஞர்களின் உலகிலேயே அப்படியென்றால், நம் சங்கங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நான் கண்ட வழி மிக எளியது. மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், வரவு செலவுக்கு முன்பாக, ஒரு கேள்வியைச் சேருங்கள்: ‘இந்த மாதம் யார் என்ன செய்ததைப் பார்த்தீர்கள்?’ பதில்களைத் தீர்மானப் புத்தகத்திலேயே நாளோடு எழுதுங்கள். “பழுதான தெருவிளக்கைப் பற்றி மூன்று முறை அலுவலகம் ஏறி இறங்கினார்”, “புதிதாகக் குடிவந்த குடும்பத்தின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கக் கூடவே போனார்” என்று ஒவ்வொன்றும் ஒரு வரி போதும். முதல் இரண்டு கூட்டங்களில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மூன்றாவது கூட்டத்துக்குள் பார்க்கக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். செயற்குழுவுக்கு வெளியே இருப்பவர்களிடமும் கேளுங்கள், குறிப்பாகக் குழந்தைகளிடம். யார் உண்மையில் உதவுகிறார், யார் உதவுவதுபோல் காட்டிக்கொள்கிறார் என்பதில் அவர்களுடைய கணக்கு நம்முடையதைவிடத் துல்லியமாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடுத்ததாக, பாராட்டைச் சொல்ல வேண்டியவர் யார்? உதவி பெற்றவர்தான். சிறப்பு விருந்தினர் நல்லவராகவே இருக்கட்டும்; பத்து நிமிடத்துக்கு முன்பு முதன்முதலாகக் கேள்விப்பட்ட ஒருவரை அவர் எப்படிப் பாராட்டுவார்? உதவி பெற்றவரைக் கொண்டு நான்கு வரி எழுதச் சொன்னால், ‘எனக்கு எழுத வராது, அவர் என்ன நினைப்பாரோ’ என்று பின்வாங்குவார். இந்தத் தயக்கத்தை அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் அளந்து பார்த்திருக்கிறார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுபவருக்கு அது சங்கடமாக இருக்கும் என்று அளவுக்கு மீறி எண்ணினார்கள். அவர் எவ்வளவு வியப்பார், எவ்வளவு மகிழ்வார் என்பதைக் குறைத்து மதிப்பிட்டார்கள். எழுதுபவர் தம் சொல் நயத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, பெறுபவர் அதிலுள்ள அன்பை மட்டுமே பார்த்தார். எனவே, சங்கத்தின் பணி அந்த நான்கு வரிகளை எழுதவைப்பது. எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல, ஓர் இளைஞர் எழுதிக்கொள்ளட்டும். திருத்தி அழகுபடுத்த வேண்டாம்.

மேடை எல்லோருக்கும் ஏற்றதன்று என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். கூச்சமுள்ள ஒருவரை ஐந்நூறு பேர் முன்னால் நிறுத்துவது அவருக்குத் தண்டனை. ‘உங்களை எப்படிப் பாராட்டினால் உங்களுக்குப் பிடிக்கும்?’ என்று கேட்பதில் என்ன குறைந்துவிடும்? அப்படிக் கேட்கத் தொடங்கிய பிறகு எங்களுக்குக் கிடைத்த விடைகள் கேடயக் கடைக்காரருக்கு நட்டமாக முடிந்தன. நூலக அறையை நாள்தோறும் திறந்து வைத்துவந்த ஒருவர், ஒரே ஒரு வாரம் வேறு யாராவது திறந்து மூடினால் போதும், மகளைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். ஏழு பேர் நாளுக்கு ஒருவராக அந்தச் சாவியை வாங்கிக்கொண்டோம். காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து போவது எப்படியிருக்கும் என்பது அந்த ஏழு பேருக்கும் அந்த வாரத்தில் தெரிந்தது. பாராட்டுரை எதுவும் அதைக் கற்றுக்கொடுத்திருக்காது. மிதிவண்டிகளைக் காசு வாங்காமல் பழுது பார்த்துக் கொடுத்துவந்த இன்னொருவர், தம் கைத்தொழிலைக் கற்றுக்கொள்ள நாலு பிள்ளைகளை அனுப்புங்கள் என்றார். ஒருவரிடம் ‘உங்களுக்குத் தெரிந்ததை எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்’ என்று போய் நிற்பதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொரு வழி, கேட்டுப் பதிவுசெய்வது. அமெரிக்காவில் 2003-இல் தொடங்கிய ‘ஸ்டோரிகார்ப்ஸ்’ என்ற அமைப்பு, தொடர்வண்டி நிலையத்தில் சிறு ஒலிப்பதிவு அறை ஒன்றை வைத்து, ஒருவரை ஒருவர் பேட்டி காணச் சொன்னது. நமக்கு அறையும் வேண்டாம், கைப்பேசி போதும். பதின்ம வயதுப் பிள்ளைகள் இருவர் போய் உட்கார்ந்து, ‘இதை ஏன் தொடங்கினீர்கள், விட்டுவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா?’ என்று கேட்கட்டும். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். உண்மையான பேச்சு அங்கேதான் தொடங்கும்.

‘ஆண்டின் சிறந்த தன்னார்வலர்’ என்பது போன்ற போட்டி விருதுகளைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. 1973-இல் மார்க் லெப்பரும் அவருடைய சக ஆய்வாளர்களும், படம் வரைவதில் ஆர்வமுள்ள சிறு குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் தாமாக வரையும் நேரம் குறைந்தது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. பெரியவர்களுக்கு இதை அப்படியே பொருத்துவது சரியாகாது. ஆனால், முன்கூட்டியே அறிவித்த பரிசு வேறு, எதிர்பாராமல் வரும் பாராட்டு வேறு என்பதை அது காட்டுகிறது. விக்கிப்பீடியாவில் பங்களிப்பவர்கள் ஒருவருக்கொருவர் ‘பதக்கம்’ வழங்கிக்கொள்வார்கள். காசு பெறாத, வெறும் படம். மிக அதிகமாக உழைக்கும் ஒரு சதவீதத்தினருள், அதுவரை பதக்கம் பெறாத சிலருக்கு முன்னறிவிப்பின்றி அதை வழங்கிப் பார்த்த ஆய்வொன்று 2012-இல் வெளிவந்தது. பெற்றவர்களின் பங்களிப்பு, பெறாதவர்களுடையதைவிட அடுத்த 90 நாள்களில் 60 சதவீதம் மிகுந்திருந்தது. நம் சங்கத்துக்காக உழைப்பவர்கள் டிசம்பர் 5, பன்னாட்டுத் தன்னார்வலர் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமையே போதும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். சம்பளத்துக்கு உழைக்கும் காவலாளி, துப்புரவுப் பணியாளர் போன்றோரைப் பாராட்டும்போது, அவர்களுக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டோமா என்று முதலில் பாருங்கள். 2020-இல் பெருந்தொற்றின்போது பிரிட்டனில் வியாழன்தோறும் இரவு 8 மணிக்கு மக்கள் வாசலில் நின்று மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டினார்கள். பத்து வாரம் அது நடந்தபின், அதைத் தொடங்கியவரே நிறுத்திக்கொள்ளலாம் என்றார்; கைதட்டலைவிடப் பாதுகாப்பு உடையும் நியாயமான ஊதியமும்தான் தேவை என்ற குரல்கள் அதற்குள் பணியாளர்களிடமிருந்தே எழுந்திருந்தன. சம்பளத்தை மூன்று வாரம் தாமதமாகக் கொடுத்துவிட்டு, விழாவில் கேடயம் கொடுத்த செயற்குழுவில் நானும் இருந்திருக்கிறேன். அவர் அதை வாங்கிக்கொண்டு சிரித்த சிரிப்பு இப்போதும் நினைவிருக்கிறது.

எனவே, அடுத்த கூட்டத்தில் அந்த ஒரு கேள்வியை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறும், இந்த ஆண்டுச் சான்றிதழ்களை அச்சகத்துக்கு அனுப்புமுன், பெயரை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் படித்து, அது யாருடையது என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று பார்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். முடியாதவற்றைத் திருப்பி எழுதுங்கள். 42 பேருக்கு எழுத நேரமில்லையென்றால் ஆறு பேருக்கு எழுதுங்கள். மற்றவர்களுக்கு அடுத்தடுத்த மாதங்கள் இருக்கின்றன.

அந்த அம்மையாருக்கு எழுதியிருக்க வேண்டிய தாளை ஐந்து மாதம் கழித்துத்தான் எழுதினேன். மூன்று வீடுகளுக்கும் போய்க் கேட்டு, எட்டு வரிகள் எழுதி, பெயரை இரண்டு முறை சரிபார்த்து, மாலையில் அவர் புறப்படும் நேரத்துக்கு முன்பாக அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நின்றபடியே முழுவதையும் படித்தார். கடைசி வரியில் ‘ஒரு நாளும் தவறியதில்லை’ என்று எழுதியிருந்தேன். அதில் விரலை வைத்து, “இரண்டு நாள் தவறியிருக்கிறேன் தம்பி, காய்ச்சல். இதை மட்டும் மாற்றிக் கொண்டுவா” என்றார். மறுநாள் மாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்படிக்கு,
முன்னாள் செயலாளர் ஒருவர்