அம்மாவின் கடைசி மாதங்களில் கூட இருந்த எல்லோருக்கும்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் தெருவிலும் வெளியூரிலும் இருக்கிற மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. அடக்க ஆராதனையின் முடிவில் அண்ணன் நன்றி சொன்னான். குருவானவர், சபை மூப்பர்கள், பாடகர் குழு, உறவின்முறையார் என்று வழக்கமான வரிசையில் சொல்லி முடித்தான். அன்றைக்கு அதற்கு மேல் யாராலும் பேச முடிந்திருக்காது. ஆனால் அம்மாவின் கடைசிக் காலத்தைத் தாங்கியவர்களில் பாதிப் பேர் அந்த வரிசையில் வராதவர்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொல்லிவிட்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவருக்குப் புரியும்.

அம்மாவைப் பற்றி வெளியூர் நண்பர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அம்மா பல வருஷம் செயலாளராக இருந்தார்கள். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒரு தூக்குச்சட்டியில் பாலும் இன்னொன்றில் இட்லியுமாகக் கிளம்பிவிடுவார்கள். போனதும் பெட்டி அருகே உட்கார மாட்டார்கள். நேரே பின்கட்டுக்குப் போய் அந்த வீட்டுப் பிள்ளைகளைத் தேடுவார்கள். "பெரியவங்க அழுதுட்டு இருப்பாங்க, பிள்ளைங்க பட்டினியா கிடக்கும். யாரும் பாக்க மாட்டாங்க" என்பார்கள். அப்படி இட்லி ஊட்டப்பட்ட ஒருவர் இப்போது ஐம்பது வயதுக்காரர். அம்மாவின் பெட்டியைத் தூக்கிய தோள்களில் அவருடையதும் ஒன்று. அண்ணே, உங்களுக்கு என் முதல் நன்றி.

இப்படி வாழ்நாள் முழுக்கக் கொடுத்தே பழகியவருக்குத்தான் மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் முடிந்த பிறகு திரும்பவும் வந்தது. இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதைச் சொல்லிக் கொடுத்தவர், குணமாக்க முடியாத நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கிற நோய் ஆதரவு சிகிச்சை நர்ஸ் அம்மா. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவந்து தருவது எல்லோருக்கும் தெரியும். படுக்கையில் இருக்கிறவர்களைப் பார்க்க நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

அவர்கள் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இன்னொரு வீட்டுக்கு இது உதவும். மார்பில் இருந்த புண்ணில் வாடை வர ஆரம்பித்திருந்தது. அந்த வாடைக்குப் பயந்து அம்மா ஜன்னலோரம் ஒதுங்கிப் படுத்து, வருகிறவர்களை வாசலிலேயே உட்காரச் சொல்லிவிடுவார்கள். நர்ஸ் அம்மா தண்ணீரில் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைக்கச் சொன்னார்கள். பழைய கட்டைப் பிய்த்து எடுக்காமல், அந்தத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஊறவைத்து, தானாக விட்டுக்கொடுக்கும்வரை பொறுமையாக எடுத்தார்கள். அப்படி எடுத்தால் ரத்தமும் வலியும் குறையும். அப்புறம் கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையை நன்றாகப் பொடித்து, புண்ணின் மேல் தூவிக் கட்டினார்கள். சில நாளில் வாடை குறைந்துவிட்டது. விலை மலிவான மாத்திரை அது. அதற்குப் பிறகு அம்மா கட்டிலை நடு அறைக்குப் போடச் சொன்னார்கள். ஒரு மனுஷியை மறுபடி ஆட்களோடு சேர்த்து உட்கார வைத்ததற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர் ஐயாவுக்கும் நன்றி. "இது கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்களாமே" என்று உறவில் சிலர் பயமுறுத்தியபோது, அவர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். வலிக்கிற நேரம் மட்டும் கொடுக்காமல் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை தவறாமல் கொடுக்க வேண்டும், கூடவே மலச்சிக்கலுக்கான மருந்தும் வேண்டும், ராத்திரி எழுப்பாமல் இருக்கப் படுக்கும் முன் கொடுக்கும் அளவைக் கூட்டிக்கொள்ளலாம் என்று தாளில் எழுதியே கொடுத்தார். அன்று ராத்திரி அம்மா தூங்கினார்கள். நாங்களும் தூங்கினோம்.

இத்தனை பேர் செய்தாலும், வாங்கிக்கொள்வது அம்மாவுக்கு எளிதாக இல்லை. அதைத்தான் இந்த மடலில் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். நர்ஸ் அம்மா கால் கழுவிவிட வந்தால் காலை இழுத்துக்கொள்வார்கள். "நீங்க எதுக்கும்மா, என் மக செய்வா" என்பார்கள். நான் போனால், "நீ போய் சாப்பிடு, அப்புறம் பாக்கலாம்" என்பார்கள். அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தை எல்லாம் தேய்த்த கைக்கு, தன் கட்டிலடியில் இருக்கும் பாத்திரத்தை இன்னொருவர் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியவில்லை.

2025 ஏப்ரலில் பெரிய வியாழன் அன்று ஆலயத்துக்குப் போக முடியாததால், இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிற யோவான் 13-ஆம் அதிகாரத்தை நான் வாசித்தேன். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு சொல்கிற இடத்தில் அம்மா நிறுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆண்டவருக்குக் குனிய வந்துச்சு. இவனுக்குக் காலை நீட்டத்தான் வரல" என்றார்கள். அந்த அதிகாரத்தின் மேல் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எல்லாமே குனிந்து கழுவுகிறவரைப் பற்றித்தான். காலை நீட்டிக்கொண்டு உட்காருவதற்கும் தாழ்மை வேண்டும், அது இன்னும் கஷ்டமான தாழ்மை என்று எனக்குச் சொன்னது அம்மாதான். அடுத்த முறை நர்ஸ் அம்மா வந்தபோது, கேட்காமலேயே காலை நீட்டினார்கள்.

அம்மாவுக்கு எங்கள் திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூர் மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு பற்று. அங்கே 1901 முதல் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்து அடிபட்டு, 1951-ல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். தூக்கி வளர்த்த பிள்ளைகளே அவரைப் பார்த்துக்கொண்டார்கள். தன் கல்லறை மேல் கல் வைக்கக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டதால், பறவைகளுக்கான ஒரு நீர்த்தொட்டியைத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் அம்மா அந்த முப்பது வருஷ ஊழியத்தைப் பற்றித்தான் எங்களிடம் சொல்வார்கள். கடைசியில், படுத்திருந்த இருபது வருஷத்தைப் பற்றி நிறையப் பேசினார்கள்.

சங்கத்துப் பெரியம்மாவுக்கு நன்றி. மத்தியான வெயிலில் குடை பிடித்து வந்து, என்னைத் தூங்கப் போகச் சொல்லிவிட்டு, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வீர்கள். வாடை இருந்த நாட்களிலும் நீங்கள் சேலைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனதே இல்லை. நீளமாக ஜெபம் பண்ணவில்லை, ஆறுதல் வசனம் அடுக்கவில்லை. அம்மா பேசினால் கேட்டீர்கள், இல்லாவிட்டால் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். போகும்போது கீரையை அடுப்பங்கரையில் வைத்துவிட்டுப் போவீர்கள்.

எதிர் வீட்டு அக்காவுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் நன்றி. அந்த வருஷம் மார்ச்சில் ரமலானும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான எங்கள் லெந்து நாட்களும் சேர்ந்து வந்தன. சோறு இறங்காமல் இருந்த அம்மாவுக்கு நோன்புக் கஞ்சி இறங்கியது. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து, கறி போடாமல், வெந்தயமும் பூண்டும் குழையக் குழைய வேகவைத்து, தனிச் சட்டியில் காய்ச்சிக் கொண்டுவந்தீர்கள். நோன்பு வைத்துக்கொண்டு, உப்புக்கூடப் பார்க்காமல் காய்ச்சிய கஞ்சி அது. ஒரு நாளும் உப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "அந்தப் பிள்ளை வாயில தண்ணி படாம எனக்குக் கஞ்சி காய்ச்சுது" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

துக்கம் கேட்க வந்த எல்லோரையும் நன்றியோடு நினைக்கிறேன். "கர்த்தருடைய சித்தம்", "நல்ல இடத்துக்குத்தான் போயிருக்காங்க, அழாதீங்க" என்று சொன்னவர்களும் அன்பினால்தான் சொன்னீர்கள். ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இறந்துபோன நண்பன் லாசருவைக் கொஞ்ச நேரத்தில் உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் அவர் அழுதார். உயிர்த்தெழுதல் கையில் இருந்தவரே அழுதார் என்றால், நாம் யாரும் யாரையும் அழ வேண்டாமென்று அவசரப்படுத்தத் தேவையில்லை. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்களும் முதல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து பேசாமல் இருந்தவரைக்கும் நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். எங்கள் குருவானவர் ஐயா அப்படித்தான் செய்தார். வந்தார், திண்ணையில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார், அவனோடு சேர்ந்து அழுதார். மறுநாள் ஆராதனையில் சுருக்கமாகப் பேசினார். ஐயா, உங்களுக்கு நன்றி.

விடியற்காலையில் ஓடி வந்து துக்க மணி அடித்த, ஆலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அண்ணனுக்கு நன்றி. ஐஸ் பெட்டிக்கு அலைந்த ஆட்டோக்காரத் தம்பிக்கு நன்றி. பந்தல், நாற்காலி எல்லாம் போட்டுவிட்டுப் பாதிப் பணம் மட்டும் வாங்கிக்கொண்டவருக்கும் நன்றி.

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜூன் மாதத்துச் சரள் மண்ணை, கடப்பாரை எகிற எகிற, நாலு பேர் மாற்றி மாற்றி வெட்டினீர்கள். அம்மா தன் வேதாகமத்துக்குள் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தார்கள். என்ன பாட்டு பாட வேண்டும் என்பதற்குக் கீழே, "குழி வெட்டுறவங்களைக் கூலி கொடுத்து வாசலோட அனுப்பக் கூடாது. நம்ம கூட பந்தியில உட்கார வைங்க" என்று இருந்தது. ஆண்டவருடைய பந்தியாகிய திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்கெடுத்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்க்கிற சபைகள் நம் நடுவே இன்னும் உண்டு. அது அம்மாவை உறுத்திக்கொண்டே இருந்தது. அண்ணனும் நானும் உங்களுக்கு இலை போட்டுப் பரிமாறினோம். நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்டது எங்களுக்குச் செய்த மரியாதை.

கூட்டம் கலைந்த பிறகு வந்தவர்களை நான் மறக்க மாட்டேன். வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவர் ஒரு காகிதமும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார். 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்தால் கட்டணம் இல்லை, ரேஷன் கார்டில் பெயர் நீக்க வேண்டும், கருவூலத்தில் குடும்ப ஓய்வூதியத்தை நிறுத்தச் சொல்லி எழுத வேண்டும், வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் போக வேண்டும் என்று வரிசையாக எழுதினார். முடிகிறதை எல்லாம் அவரே அலைந்து முடித்தார். அம்மாவின் பெயரை ஒவ்வொரு இடத்திலும் அடிப்பதைப் பார்க்கிற வேதனை எனக்கு வராமல் பார்த்துக்கொண்டார் என்று இப்போது புரிகிறது. தம்பி, நீ நல்லா இருப்பே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணி "சும்மாதான் கூப்பிட்டேன்" என்கிற அத்தை, நீங்கள் இன்னும் நிறுத்தவில்லை. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

அண்ணி, உங்களுக்கு என்ன சொல்ல? பரீட்சை நேரத்தில் பிள்ளைகளை உங்கள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு இங்கே வந்து இருந்தீர்கள். மாமியாருக்கு டயப்பர் மாற்றுகிறோம் என்று யாரிடமும் பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று பவுல் எழுதியதை நீங்கள் ராத்திரி இரண்டு மணிக்கு, லைட்டைக்கூடப் போடாமல், செய்துகொண்டிருந்தீர்கள்.

கடைசியாக ஒரு அறிவிப்பு. அம்மாவுக்கு வாங்கிய ஏர் பெட் (படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் காற்றுப் படுக்கை), கமோடு நாற்காலி, சக்கர நாற்காலி மூன்றையும் துடைத்துச் சுத்தம் செய்து ஆலய அலுவலகத்தில் ஒப்படைத்திருக்கிறோம். ஏர் பெட்டின் மோட்டார் கொஞ்சம் சத்தம் போட்டதால் புதிதாக மாற்றியாயிற்று. எந்தச் சபை, எந்த மதம் என்று பார்க்காமல் யார் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், வாடகை கிடையாது. கோயில்பிள்ளை அண்ணனிடம் சொன்னால் போதும். ஏர் பெட் போட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். எப்படித் திருப்புவது என்று காட்ட ஆள் வேண்டுமென்றால் நானும் அண்ணியும் வருகிறோம், கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அம்மாவின் மகள்
அண்ணன், அண்ணி, பேரப்பிள்ளைகள் சார்பாகவும்
பாளையங்கோட்டை