விலை குறைவு, சரக்கு இல்லை

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய அத்தியாயத்தை முழுக்கப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். அடிக்குறிப்புகள்தான் கொஞ்சம் அதிகம், போகட்டும். பொருளாதாரப் பாடம் நடத்தியே காலம் தள்ளியவள் நான், பாராட்டோடு நிறுத்தக் கை வரவில்லை. ஒரே ஒரு இடத்தில் உன்னோடு சண்டை இருக்கிறது.

கம்யூனிஸ்ட் நாடுகளில் அரசுக் கடை ஒரு பக்கம், தனியார் சந்தை மறுபக்கம், இரண்டும் ஒன்றையொன்று ஒழித்துக்கட்டப் பார்த்த ஜென்மப் பகையாளிகள் என்று எழுதியிருக்கிறாய். கிட்டே போய்ப் பார்த்தால் ஒன்றில்லாமல் மற்றது ஓடியதே இல்லை. கடையில் விலை குறைவு, சரக்கு இல்லை. அதனால்தான் சந்தைக்கு ஆள் சேர்ந்தது. சந்தை எப்படியோ ஊருக்குச் சோறு போட்டதால்தான் கடையும் தன் பழைய விலைப்பலகையை அழிக்காமல் மாட்டிவைத்திருந்தது.

சோவியத் கடைக்குள் ஒரு பெண் இறைச்சி வாங்க நுழைகிறாள் என்று வைத்துக்கொள். முதல் வரிசை இறைச்சிப் பிரிவில். என்ன இருக்கிறது, எடை போட்டால் எவ்வளவு ஆகும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த வரிசை கல்லாவில். அங்கே உட்கார்ந்திருப்பவர் மரமணிச் சட்டத்தில் கணக்குப் போட்டு, காசை வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பார். ரசீதோடு திரும்ப இறைச்சிப் பிரிவுக்கு வந்து மூன்றாவது வரிசை. பாலாடைக்கட்டியும் வேண்டுமென்றால் அந்தப் பிரிவில் இதே சடங்கு மறுபடியும் முதலிலிருந்து. இவள் முறை வருவதற்குள் சரக்கு தீர்ந்துபோனால், பணத்தைத் திருப்பி வாங்க இன்னொரு வரிசை. அப்புறம்தான் வீட்டுக்குப் போய்ச் சமையல். இத்தனைக்கும் அவளும் பகலெல்லாம் வேலைக்குப் போய் வருகிறவள்.

விலைப்பலகையில் இந்த மணிக்கணக்கு ஏறாது. நீ அட்டவணை போட்டிருக்கிறாயே, இறைச்சி இவ்வளவு ரூபிள் என்று, அந்த எண் முழு விலையே அல்ல. மிச்சத்தை அவள் தன் பொழுதால் கட்டினாள். பொழுதில்லாதவள் பழக்கத்தால் கட்டினாள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெண்ணுக்குச் சம்பளம் சொற்பம்தான். ஆனால் நல்ல துண்டு மேசைக்கு அடியில் இருக்கிறதே! அவளைத் தெரிந்துவைத்துக்கொள்ள டாக்டரும் பேராசிரியரும் ஆசைப்பட்டார்கள். சரக்கு கெட்டுப்போகும், எடை குறையும் என்று அரசே ஒரு கழிவு விகிதத்தை அனுமதித்திருந்தது. குறையாத எடையைக் குறைந்ததாகக் கணக்கு எழுதினால் மிச்சம் யாருக்கு என்று நீயே சொல். கிடைக்காத பொருளோடு விற்காத பொருளையும் சேர்த்துக் கட்டித் தள்ளிவிடுவதும் உண்டு. நல்ல தானியம் வேண்டுமா, யாரும் சீண்டாத டப்பா மீனையும் எடுத்துக்கொள்.

விலையைக் கொண்டு பங்கு போடக்கூடாது என்று சட்டம் போடலாம். பங்கு போடாமல் இருக்க முடியாது. இருப்பது நூறு கிலோ, கேட்பவர்கள் ஆயிரம் பேர் என்றால் காலமோ, உறவோ, பதவியோ ஏதோ ஒன்று பங்கு போட்டே தீரும். ஹங்கேரியப் பொருளாதார அறிஞர் யானோஷ் கோர்னாய் காலம் முழுக்கச் சொன்னதும் இதைத்தான்: தட்டுப்பாடு யாரோ ஒரு அதிகாரியின் கவனக்குறைவால் வருவதல்ல, அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே பிறப்பது. மாஸ்கோவின் பேர்போன அரசு உணவுக் கடையான எலிசேயெவின் நிர்வாகி யூரி சொகோலோவை 1982இல் கைது செய்து, 1984இல் லஞ்சக் குற்றத்துக்காகச் சுட்டுக்கொன்றார்கள். ஆளைச் சுட்டார்கள், விலைப்பலகை அப்படியே இருந்தது. அடுத்து வந்தவர் கையிலும் அதே சாவிதானே?

விலையை ஏற்றித் தொலைத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். ஏற்றிப் பார்த்தார்கள். 1962 ஜூன் 1 அன்று இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் விலை ஏற்றி அறிவித்தார்கள். தென் ரஷ்யாவின் நோவோசெர்காஸ்க் நகரத்து ஆலைத் தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். மறுநாள் துப்பாக்கிச் சூட்டில் 26 பேர் செத்தார்கள். அந்தச் சாவுகளைப் பல்லாண்டுகள் மூடி மறைத்தார்கள். அதற்குப் பிறகு 1991 வரை கடை இறைச்சி விலையைப் பொதுவாக உயர்த்த யாருக்கும் தைரியம் வரவில்லை. உன் அத்தியாயத்தில் மலிவு விலை வெறும் கொள்கையாக வருகிறது, அதில் பயமும் பாதி என்று சேர்த்துக்கொள்.

இப்போது சந்தைக்கு வருகிறேன். தனியார் விற்பனையை அரசு 'பொறுத்துக்கொண்டது' என்று எழுதியிருக்கிறாய். பொறுத்துக்கொண்டதா? 1932 மே மாதம், நகரங்களில் ரேஷன் ஓடிக்கொண்டிருந்தபோதே, கூட்டுப்பண்ணை விவசாயிகள் தங்கள் விளைச்சலைச் சந்தையில் சந்தை விலைக்கு விற்கலாம் என்று ஆணை போட்டதே அரசுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு ஆணை: வாங்கி விற்கிறவனுக்கு ஐந்திலிருந்து பத்து ஆண்டு கட்டாய உழைப்பு முகாம். விளைவித்தவன் விற்கலாம், வியாபாரி கூடாது. தொலைவிலிருக்கும் கிழவி இரண்டு கூடை தக்காளிக்காகத் தானே ரயிலேறி வரவேண்டும் என்று அர்த்தம். பின்னாளில் மொத்த விளைநிலத்தில் சுமார் 3 சதவீதம்கூட இல்லாத, ஜனங்கள் தங்களுக்கென்று பயிரிட்ட வீட்டுத்தோட்டங்கள் விவசாய உற்பத்தியில் கால்வாசியைக் கொடுத்தன. இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் தனிச்சொத்தின் மகிமை என்று துள்ளிவிடாதே. அந்தத் தோட்டத்து மாட்டுக்குத் தீவனம், விதை, உரம் எல்லாம் பெரும்பாலும் கூட்டுப்பண்ணையிலிருந்து வந்தவை, சொல்லியும் சொல்லாமலும்.

தோர்க்சின் கடைகளை நீ தொடவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை. வெளிநாட்டாருக்காக இருந்த அந்தக் கடைகளை 1931இல் சொந்த மக்களுக்கும் அரசு திறந்துவிட்டது. மாவு, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் கிடைக்கும். ஆனால் ரூபிள் செல்லாது. வெளிநாட்டுப் பணம், தங்கம், வெள்ளி கொண்டுவர வேண்டும். 1932–33 பஞ்சத்தில் ஜனங்கள் கல்யாண மோதிரத்தையும் கழுத்துச் சிலுவையையும் கழற்றிக்கொண்டு வந்து மாவு வாங்கினார்கள். அந்தத் தங்கத்தை வைத்து அரசு ஆலைகளுக்கு இயந்திரம் இறக்கியது. 1936இல் கடைகளை மூடியாயிற்று. பசித்தவனிடம் நகையைப் பிடுங்கும் பதுக்கல்காரனைப் பற்றி நீ பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். அந்தக் காலத்தில் அந்த வேலையை மிகப் பெரிய அளவில் செய்த கடைக்காரர் யார் என்று இதற்கப்புறம் யோசித்துப் பார்.

வட கொரியாவும் இதே கதையைத்தான் சொல்கிறது, இன்னும் கொடூரமாக. 1990களின் நடுவில் அரசின் உணவுப் பங்கீடு நின்றுபோனது. அதை நம்பிக் காத்திருந்தவர்களும் சேர்ந்து லட்சக்கணக்கில் மாண்டார்கள். அங்கேதான் ஜாங்மாதாங் என்கிற தெருச்சந்தைகள் பெருகின. விற்றவர்கள் பெரும்பாலும் கல்யாணமான பெண்கள். ஆண்கள் சரக்கில்லாத ஆலையானாலும் தினம் போய் வருகைப் பதிவு செய்ய வேண்டும், பெண்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வேலைக்கு வராமல் இருப்பதற்கு ஆலைக்கே காசு கட்டி வெளியே வந்த ஆண்களும் உண்டு. சம்பளம் வாங்கப் போகிற இடத்தில் சம்பளம் கட்டிவிட்டு வருகிற விசித்திரம்!

2002 ஜூலையில் அரசு தன் அரிசி விலையைக் கிலோவுக்கு 8 சோனிலிருந்து (நூறு சோன் ஒரு வோன்) 44 வோனாக்கியது. ஒரே தாவலில் 550 மடங்கு, சந்தையை எட்டிப்பிடிக்க. அடுத்த ஆண்டு சந்தைகளுக்கே கூரை போட்டு, கடைக்கு இவ்வளவு என்று அன்றாடக் கட்டணம் வசூலிக்க ஆரம்பித்தது. பிறகு, பெண்கள் கையில் காசு சேர்கிறது என்று தெரிந்ததும் 2009 நவம்பர் 30 அன்று பழைய 100 வோனுக்குப் புதிய 1 வோன் என்று அறிவித்தது. மாற்றிக்கொள்ள முதலில் விதித்த வரம்பு ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் பழைய வோன். அதற்கு மேல் வைத்திருந்தது வெறும் காகிதம். சந்தையையும் மூடினார்கள். விலை எகிறியது, சோற்றுக்கு வழியில்லை, 2010 தொடக்கத்திலேயே மறுபடி திறந்துவிட்டார்கள். அந்தக் கட்டணம் இல்லாமல் உள்ளூர் அலுவலகங்களுக்கும் பிழைப்பு ஓடாதே.

இது எல்லா இடத்திலும் இப்படியே முடியவில்லை. சீனாவில் ஜெஜியாங் மாகாணத்து யீவூ ஒரு காலத்தில் ஏழை மாவட்டம். அங்கே ஆண்கள் கரும்புச் சர்க்கரையைத் தோளில் காவடியாகத் தூக்கிப்போய்க் கோழி இறகுக்கு மாற்றிக்கொண்டு வருவது பழைய வழக்கம். இறகு வயலுக்கு உரமாகும். அந்தக் காவடியில் ஊசியும் பொத்தானும் ஏறியபோது அதிகாரிகள் துரத்தினார்கள். 1982இல் ஒரு வியாபாரிப் பெண், கட்சிச் செயலாளர் ஷியே காவ்ஹுவாவை நேரில் பிடித்துச் சத்தம் போட்டாள். அவர் கேட்டுக்கொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் சந்தையை முறைப்படி திறந்துவிட்டார். இன்றைக்கு அங்கே 75,000க்கும் மேற்பட்ட கடைகள். அவர் தன் பொறுப்பில் துணிந்து எடுத்த முடிவு அது, தவறியிருந்தால் பதவி போயிருக்கும். இப்படி ஒரு ஆள் எங்கே இருந்தார், எங்கே இல்லை என்பதையும் உன் ஆய்வில் பார்க்கலாம். உங்கள் துறையில் ஆட்களைப் பற்றி எழுதினால் மதிப்பெண் குறைப்பார்களோ என்னவோ.

உன் முடிவுரையில் சந்தை வென்றது என்கிற தொனி வருகிறது. அதையும் கொஞ்சம் தணித்துக்கொள். 1992 ஜனவரி 2 அன்று ரஷ்யாவில் விலைக் கட்டுப்பாட்டை அவிழ்த்துவிட்டார்கள். கடைகளில் சரக்கு வந்தது, நிஜம்தான். அந்த ஒரே ஆண்டில் விலைகள் சுமார் 26 மடங்கு ஏறின. காலமெல்லாம் சேமித்ததெல்லாம் கரைந்துபோய், ஓய்வூதியக்காரர்கள் நடைபாதையில் நின்று சிகரெட்டும் காலுறையும் வீட்டுப் பாத்திரமும் விற்றார்கள். வரிசை ஒழிந்தது உண்மை, முன்பு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சாப்பிட்டார்கள் என்று நான் எழுதமாட்டேன்.

கியூபாவை ஒரே பத்தியில் முடித்துவிட்டாயே, ஏன்? 1962இலிருந்து ரேஷன் புத்தகம். 1980இல் விவசாயிச் சந்தை திறப்பு, 1986இல் மூடல், 1994இல் மறுபடி திறப்பு, 2021இல் நூறு பேர் வரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி. நான் மேலே சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடைக்காது. ஒவ்வொரு முறையும் திறந்தபோது அரசின் கையில் என்ன இல்லாமல் போனது, மூடியபோது யார் மேல் எரிச்சல் வந்தது என்று இரண்டு கேள்வியையும் வைத்துக்கொண்டு அந்தப் பத்தியை நீட்டு.

திருத்தியதும் அனுப்பு. அப்பாவும் உன் அத்தியாயத்தைப் படித்து முடித்துவிட்டதாகச் சொல்வார். நம்பாதே, கண்ணாடியை மூன்றாம் பக்கத்திலேயே வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா