கெல்லி ஸ்மித் தொரைக்கு ஒரு கடுதாசி

தொரை,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை மலேசியாவுல, பேராக்ல நீங்க கட்டுன கெல்லிஸ் காசலுக்கு, அதான் உங்க வீட்டுக்கு, வந்திருந்தோம், நானும் அம்மாவும் என் சின்ன மகளும். நீங்க இல்ல. 1926லேயே லிஸ்பன்ல நிமோனியா வந்து போய்ச் சேந்துட்டீங்க, அது தெரிஞ்சுதான் வந்தோம். இருந்தாலும் வாசப்படி ஏறும்போது அம்மா செருப்ப கழட்டப் பாத்தாங்க. ரப்பர் தோட்டத்துல பொறந்தவங்க, தொரை பங்களான்னா கால் தானா தயங்குது போல.

ஈப்போலேருந்து கோப்பெங் வழியா பத்து காஜா ரோட்டுல வந்தோம். கிந்தா வட்டாரம் பூரா ஈயம் தோண்டி விட்ட குழிங்கதான், மழைத்தண்ணி ரொம்பி இப்ப ஏரி மாதிரி கெடக்கு, கரையில குடை புடிச்சுகிட்டு தூண்டில் போடுறாங்க. அப்பறம் ஒரு திருப்பத்துல ராயா ஆறு, ஆத்துக்கு அந்தாண்ட மேட்டுல செவப்பும் வெள்ளையுமா உங்க வீடு. மகள் சொன்னா, "பேய் வீடு மாதிரி இருக்குலா". கெல்லிஸ் காசல்னா இங்க எல்லாருக்கும் பேய்க்கதைதான் தொரை, சுரங்கப்பாதை, ராத்திரியில நடமாட்டம், அந்த மாதிரி. எனக்கு அதுல ஆர்வம் இல்ல, பேயவிட ஆளுங்க கதைதான் எனக்கு வேணும்.

உங்க கதை சுலபமா கெடைக்குது. 1870ல ஸ்காட்லாந்துல கெல்லாஸ்ங்கற ஊருல பொறந்தீங்க, 20 வயசுல மலாயா வந்தீங்க, ஒரு கம்பெனியில வேலை பாத்து காசு சேத்து காட்ட வாங்கி ரப்பர் நட்டீங்க, சொந்த ஊரு பேரையே வச்சு கிந்தா கெல்லாஸ் எஸ்டேட்னு ஆக்கிட்டீங்க. 1915ல மகன் அந்தோணி பொறந்ததும் இருந்த வீடு பத்தலன்னு இந்தப் பெருசு. ஆறு மாடி கோபுரம், அதுக்குள்ள மலாயாவுலேயே மொதல்ல வரப்போற லிஃப்ட்டு, மொட்டமாடியில விருந்து வைக்க எடம். இதுக்கு மெட்ராஸ்லேருந்து 70 கொத்தனார், ஆசாரிங்கள வரவழைச்சீங்க, செங்கல்லும் அங்கேருந்துதான் கப்பல்ல வந்துச்சாம்.

நான் இத அம்மாகிட்ட சொன்னேன். முட்டி வலின்னு மொத மாடியோட படிக்கட்டுலேயே உக்காந்துட்டாங்க, பக்கத்துல சொவத்துல பூச்சு உதுந்து செங்கல் தெரியுது, ஓரமெல்லாம் மழுங்கி, நடுவுல பாசி புடிச்சு. வெரல வச்சு தடவிப் பாத்துட்டு, "அப்ப இதுவும் நம்மள மாதிரி கப்பல்ல வந்ததுதான்"ன்னாங்க. விட்டுட்டு மறுபடி தடவுனாங்க. எங்க பாட்டி பால்மரம் சீவி ரப்பர் பால் எடுத்தவங்க தொரை, விடியக்காலைல பேர் கூப்புடுற பெரட்டுக்கு நின்னு, பால் வடியுற மங்கு தொடச்சு, வாளி தூக்கி ஸ்டோருக்கு போனவங்க. அவங்க கையும் கடைசியில அந்தச் செங்கல்லு மாதிரிதான் சொரசொரன்னு இருக்கும்.

லிஃப்ட்டு குழிகிட்ட நின்னு பாத்தேன். லிஃப்ட்டு வரவே இல்ல. நீங்க ஐரோப்பாவுல செத்ததும் உங்க வீட்டம்மா எஸ்டேட்ட ஹாரிசன்ஸ் அண்ட் க்ராஸ்ஃபீல்ட் கம்பெனிக்கு வித்துட்டாங்க, வீடு பாதியில நின்னுச்சு, காடு உள்ள பூந்துடுச்சு. இப்ப கூட்டிப் பெருக்கி டிக்கெட் போட்டு வச்சிருக்காங்க. வளைவு வளைவா இருக்கற அந்த வராண்டாவுல கல்யாண ஃபோட்டோ எடுக்க க்யூ நிக்குது, நாங்க போனப்ப ரெண்டு ஜோடி.

எனக்கு உறுத்துறது அந்த 70 பேரு. நீங்க எந்த ஊருல செத்தீங்க, என்ன வியாதி, எல்லாம் எழுதி வச்சிருக்கு. அவங்களுக்கு 70ங்கற எண்ணிக்கைதான் பேரு. வீடு கட்டிகிட்டு இருக்கும்போது ஸ்பானிஷ் ஃப்ளூ வந்து நெறைய பேரு செத்தாங்க, அப்ப மிச்சமிருந்தவங்க உங்ககிட்ட வந்து மாரியம்மனுக்கு கோயில் வேணும்னு கேட்டாங்க. கேக்காம? அம்மை, காய்ச்சல்னா நம்மாளுங்க வேற யாருகிட்ட போவாங்க? நீங்க கட்டிக் குடுத்தீங்க, அதுக்காக நல்ல தொரைன்னு இன்னிக்கும் சொல்றாங்க. சரிதான், ஆனா ஆளு சாகச் சாக உங்க வீட்டு வேலையும் நின்னுச்சுல்ல, அதையும் சேத்துதான் நான் பாக்குறேன். கோவிச்சுக்காதீங்க.

அந்தக் கோயிலுக்கும் போனோம், காசல்லேருந்து ஒன்றரை கிலோமீட்டர்தான். அங்க சாமி இருக்கு, வெளக்கு எரியுது, சூடம் வாசனை. உங்க வீட்டுல இல்லாத உசுரு அங்க இருக்குன்னு எனக்குத் தோணுச்சு. மேல நிமிந்து பாத்தா சாமி செலைங்களோட வரிசையா நீங்க, வெள்ளை கோட்டு சூட்டு, தலையில தொரைமாரு தொப்பி. கட்டுனவங்களே வச்சுட்டாங்க, அந்தப் பேரில்லாத ஆளுங்க. நன்றிக்கு வச்சாங்களா, இல்ல தொரை மனசு மாறிடாம இருக்க வச்சாங்களா?

அம்மா துன்னூறு பூசிகிட்டு வெளிய வந்து கண்ண இடுக்கி உங்கள ரொம்ப நேரம் பாத்தாங்க. கும்புடுவாங்கன்னு நெனச்சேன்.

"கோயில்ல கூட தொப்பிய கழட்டலியே இந்த மனுசன்"ன்னுட்டு கார் பக்கம் நடந்துட்டாங்க.